‘ஆமா’ போட ஒரு ஆள்

ஜூலை 9, 2025, புதன்

நெல்லையப்பர் தேரோட்டம் முடிந்தது. ஆடி பிறந்துவிட்டால் ஊர்க் கோயில்களில் கொடைத் திருவிழா ஆரம்பம், அப்புறம் இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று ஆம்ப்ளிஃபையரும் ஜெனரேட்டருமாக ஓட வேண்டும். நடுவே கிடைப்பது இந்த ஒரு வாரம்தான். சென்னையிலிருந்து மகள் போன் போட்டாள். “அப்பா, கிளம்பி வாங்க. நாலு நாள் உங்களைச் சிரிக்க வச்சு அனுப்புதேன்.” நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாளாம்.

வீரவநல்லூரில் மைக்செட் கடை போட்டு முப்பத்தொரு வருஷம் ஆகிறது. வில்லுப்பாட்டு, பட்டிமன்றம், கரகாட்டம், மிமிக்ரி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும் மேடைக்குப் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். (கட்சிக் கூட்டத்திலும் நகைச்சுவை உண்டு. பேசுகிறவருக்குத்தான் தெரியாது.) ஜனங்களோடு ஜனமாக முன்னால் உட்கார்ந்து சிரித்ததில்லை. கை எப்போதும் வால்யூம் திருகில் இருக்கும்.

ஒரு டிக்கெட் ஐந்நூறு ரூபாய் என்றதும் வீட்டுக்காரி வரமாட்டேன் என்றுவிட்டாள். “சிரிக்கதுக்கு ஐந்நூறு ரூவாயா? நான் இங்கன இருந்தே உங்களப் பார்த்துச் சிரிச்சுக்கிடுதேன்.”

நாளை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்.

ஜூலை 11, வெள்ளி

அடையாறில் ஒரு காபிக் கடையின் மாடி. நாற்பது நாற்காலி, ஒரு மைக், சின்னதாக ஒரு ஸ்பீக்கர். இதை ‘ஓபன் மைக்’ என்கிறார்கள். தொழில் பழகுகிற பையன்களும் பிள்ளைகளும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசிப் பார்க்கிற இடம். பெயர் எடுத்தவர்களும் புதுச் சரக்கை முதலில் இங்கேதான் இறக்கிப் பார்ப்பார்களாம். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. நம்மூர்ப் பட்டிமன்றத்துக்காரர் புது நகைச்சுவையை நேராக ஆயிரம் பேர் முன்னால்தான் அவிழ்ப்பார், எடுபடாவிட்டால் அவர் பாடு. இன்னொன்றும் பிடித்தது. நேரம் முடியப்போகிறது என்றால் பின்னாலிருந்து ஒருவர் செல்போன் டார்ச்சைக் காட்டுகிறார், பேசுகிறவரும் மரியாதையாக இறங்கிவிடுகிறார். கட்சிக் கூட்டங்களில் நான் எத்தனை வருஷமாக ஏங்கிய விளக்கு அது.

எட்டுப் பேர் பேசினார்கள். ஆறு பேருக்குச் சிரிப்பு விழவில்லை. விஷயம் மோசம் என்று சொல்ல மாட்டேன். சொல்லி முடித்ததும் ஒரு கணம் நிற்கிறார்கள். சிரிப்பு வராவிட்டால் முகம் வெளுத்து அடுத்ததற்கு ஓடுகிறார்கள். அந்த ஒரு கணம், ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போன மாதிரி இருக்கிறது. வில்லுப்பாட்டில் அந்த ஓட்டையே கிடையாது. கதை பாடுகிற புலவர் ஒரு வரி சொன்னால் குடம் அடிக்கிறவர் ‘ஆமா’ போடுவார். சொன்னது எடுபடவில்லையென்றால் “இதெல்லாம் ஒரு பேச்சாய்யா” என்று அவரே இடித்துவிடுவார், ஜனம் அதற்குச் சிரித்துவிடும். விழுந்தவனைத் தூக்கிவிடப் பக்கத்திலேயே ஆள் உண்டு. இங்கே அந்தப் பையன் தன்னந்தனியாக நிற்கிறான்.

அதனால்தானோ என்னவோ, எல்லாரும் கூட்டத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டான். நரைத்த மீசை நான் ஒருத்தன்தானே.

“சார் எந்த ஊரு?”

“திருநெல்வேலிப் பக்கம்.”

“அல்வா குடுக்க வந்தீங்களா சார்?”

இதற்காகவா ராத்திரி முழுக்க ரயிலில் வந்தேன் என்று இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. “இருட்டுக்கடை சாயங்காலந்தான் தொறப்பாவ தம்பி. நீ மத்தியானமே வந்து கேட்டா எப்படி?”

மாடி முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு விழுந்த முதல் நல்ல சிரிப்பு. பையன் கெட்டிக்காரன், மைக்கை என் பக்கம் நீட்டி, “அண்ணாச்சி, இது என்னோட அஞ்சு நிமிஷம்” என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஏறிய பெண்பிள்ளைதான் அருமை. ஹாஸ்டல் வார்டன் ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு ‘எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்’ என்பதைச் செய்து காட்டினாள். இவள் ஒரு பக்கம் திரும்பிக் கேள்வி கேட்பாள், மறுபக்கம் திரும்பி இடுப்பில் கைவைத்து வார்டனாகப் பதில் சொல்வாள். கேட்டைப் பூட்டியது சரி, தண்ணீரை ஏன் பூட்டினீர்கள் என்ற இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ‘ஆமா’ போட ஆள் இல்லாததால் அந்த ஆளையும் அவளே செய்துகொண்டாள்.

ஜூலை 12, சனி

எழும்பூர் மியூசியம் தியேட்டர். 1896-இல் கட்டியது. அரைவட்டமாக, படி படியாக ஏறும் இருக்கைகள். நான் மேடையைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் இல்லாத காலத்து ஆட்கள் யோசித்துக் கட்டிய இடம். ஆரம்பிக்கும் முன் மெதுவாக ஒரு கை தட்டிப் பார்த்தேன். “அப்பா, இன்னும் ஆரம்பிக்கல” என்றாள் மகள்.

ஒரே ஆள், ஒன்றேகால் மணி நேரம். அதற்கே ஒரு கும்பிடு போடலாம். தொடக்கத்தில் அவருடைய அம்மா வாங்கிய மிக்சியைப் பற்றி சும்மா ஒரு வரி போட்டார். எல்லாரும் மறந்துவிட்டோம். கடைசியில் வேறு ஏதோ கதையில் அந்த மிக்சி மறுபடி ஓட, அரங்கமே எழுந்துகொண்டது. கட்டிய முடிச்சை எங்கே கட்டினோம் என்று ஞாபகம் வைத்து அவிழ்க்கிற வேலை. அது எனக்குப் பழக்கமானதுதான், கதை சொல்கிறவர்கள் எல்லாரும் செய்வது.

ஒரே குறை, வீட்டுக் கதை முழுக்கத் தமிழில் சொல்லிவிட்டுச் சிரிக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறார். மகளும் மருமகனும் முதலில் சிரித்தார்கள். மகள் காதில் சொன்ன பிறகு நான் சிரித்தேன். அதற்குள் அவர் அடுத்ததில் பாதி வந்துவிட்டார். இரண்டு மூன்று தடவை நான் தனியாகச் சிரித்ததில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

போனில் படம் எடுக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். சரக்கு யூடியூபில் வந்துவிட்டால் அடுத்த ஊரில் யார் டிக்கெட் வாங்குவார்?

ஜூலை 13, ஞாயிறு

மயிலாப்பூரில் ஒரு சபாவில் நகைச்சுவை நாடகம். சம்பந்தியம்மாவும் வந்தார்கள். அவர்கள் இதில் நிறையப் பார்த்தவர்கள். சோ, ஒய்.ஜி. மகேந்திரன், காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் என்று வரிசையாகச் சொன்னார்கள். கிரேசி மோகன் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவராம். 1979-இல் சொந்தக் குழு ஆரம்பித்து, 2019 ஜூனில் போகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். இப்போது தம்பி மாது பாலாஜி மேடை ஏற்றுகிறார். “சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும் சம்பந்தி, அதனால ஒரே நாடகத்துக்கு ரெண்டு தடவை டிக்கெட் வாங்கணும்” என்றார்கள். வியாபாரம் தெரிந்த எழுத்து.

இன்றைக்குப் பார்த்த நாடகமும் அந்த வழிதான். ஒரு வாடகை வீடு, ஒரு பொய், அதை மறைக்க ஒன்பது பொய். கதை நாளைக்கு மறந்துவிடும். நான் பார்த்தது நடிகர்கள் சிரிப்புக்காக நின்ற விதத்தை. சிரிப்பு எழும்பும்போது காபி தம்ளரை எடுப்பது, பேப்பரை மடிப்பது என்று கையில் ஒரு வேலை வைத்துக்கொள்கிறார்கள். உச்சிக்குப் போய்ப் பாதி இறங்கும்போது சரியாக அடுத்த வரி. முழுக்க இறங்கிவிட்டால் மறுபடி ஏற்றுவது கஷ்டம். வெள்ளிக்கிழமைப் பையன்களுக்கு இவர்களில் யாராவது ஒருவர் இந்தத் தம்ளர் வித்தையைச் சொல்லிக் கொடுத்தால் தேவலை.

அரங்கில் முக்கால்வாசி நரைத்த தலை. அடையாறு மாடியில் நான் ஒருத்தன், இங்கே மருமகன் ஒருத்தர்.

ஜூலை 14, திங்கள்

வெளியே போகவில்லை. அலெக்சாண்டர் பாபு என்பவர் பாட்டும் பேச்சுமாகச் செய்த நிகழ்ச்சி 2019-இல் அமேசான் பிரைமில் வந்தது, அதை மருமகன் போட்டுக் காட்டினார். ஒரு பாட்டை எடுக்கிறார், நடுவில் விட்டுவிட்டுப் பேசுகிறார், பேச்சு சூடு ஏறியதும் மறுபடி பாட்டுக்குள் போகிறார். “மருமகனே, இது நம்ம வில்லு” என்றேன்.

சம்பந்தியம்மா சுப்பு ஆறுமுகத்தை ரேடியோவில் கேட்ட கதையை ஆரம்பித்தார்கள். அவர் நம்மூர்க்காரர், சத்திரம் புதுக்குளம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்தான் அவரைச் சென்னைக்குக் கூட்டி வந்தவர். கலைவாணரே நாகர்கோவில் ஒழுகினசேரியிலிருந்து வில்லுப்பாட்டோடு வந்தவர்தானே. சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த வருஷம் அக்டோபரில் போய்விட்டார்.

நாளை ரயில்.

ஜூலை 22, செவ்வாய்

ஊருக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. மழை இல்லை, காற்றுதான்.

ஆற்றோரத்து ஊர் ஒன்றில் சுடலைமாடன் கோயில் கொடைக்கு வரிக்காரர்கள் (கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பத்துக்காரர்கள்) கூட்டம். மைக்செட் நம்முடையது என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். இளவட்டங்கள் இந்த வருஷம் வில்லு வேண்டாம், டிவியில் வந்த மிமிக்ரி ஆட்களைக் கூப்பிடுவோம் என்று நின்றார்கள். பெரியவர் ஒருவர் துண்டை உதறிப் போட்டார். “கதை பாடலன்னா சாமி எப்படில எறங்கும்? மிமிக்ரிக்காரன் சுடலை மாதிரிப் பேசுவானாக்கும்?”

“அண்ணாச்சி மெட்ராஸ்ல எல்லாம் பார்த்துட்டு வந்திருக்காவ, அவ்வளட்டயே கேளுங்க” என்று என்னை மாட்டிவிட்டார்கள். இரண்டும் வைக்கலாம் என்றேன். யாருக்கும் பிடிக்காத யோசனை என்பதால் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை மிமிக்ரி, மத்தியானக் கொடைக்கும் நடுராத்திரிச் சாமக் கொடைக்கும் வில்லு.

ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. சட்டம் 2000-லிருந்தே அப்படித்தான். கூம்புக் குழாயையும் வெளியே எடுக்க முடியாது. ஆக சாமக் கொடை வில்லுக்கு மைக் கிடையாது. இதை யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. புலவரிடம் போனில் சொன்னேன். “எங்க தாத்தன் எந்த மைக்குல பாடுனாரு?” என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

நேற்றைய கொடை. தூங்கி எழுந்து இப்போதுதான் எழுதுகிறேன்.

மிமிக்ரிக்கு நல்ல கூட்டம். நடிகர்கள் குரல், ரயில் சத்தம், நாய்ச் சண்டை. ஜனம் சிரித்தது, நானும் சிரித்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்த நாய்ச் சண்டைக்கு ஊர் நாய்கள் நாலு வந்து நின்றன. திறந்தவெளியில் சிரிப்பு அலை அலையாகத்தான் போகும். முன்னால் உட்கார்ந்தவன் சிரிப்பான், பின்னால் நிற்கிறவன் “என்னலே சொன்னான்?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

பத்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். பாதிக் கூட்டம் கலைந்தது. மீதி ஆட்கள் பாயையும் கைப்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் நெருங்கி வந்தார்கள். எனக்கு வேலை இல்லை. ஸ்டூலை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தேன்.

வீசுகோல் விழுந்ததும் வில்லின் மணிகள் குலுங்கின. மைக் வழியாகக் கேட்கும்போது அது தகரம் மாதிரி இருக்கும். நேற்றுதான் அது மணி என்று தெரிந்தது. உடுக்கை, குடம், தாளம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

சுடலை பிறந்த கதை. கைலாசத்தில் பார்வதி தூங்கிய பிறகு பிள்ளை எழுந்து சுடுகாட்டுக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்றுவிட்டுத் திரும்புகிற இடம். பயப்பட வேண்டிய இடம்தான். குடம் அடிப்பவர் கையை நிறுத்தினார்.

“பிள்ளை ராத்திரி எங்க போகுதுன்னு பெத்தவளுக்குத் தெரியலையாக்கும்?”

“தெரியலையே” என்றார் புலவர்.

“காலையில பால் குடுத்தா?”

“வேண்டாம்னுட்டான்.”

“பொறவு? வெளிய தின்னுட்டு வந்தவனுக்கு வீட்டுச் சாப்பாடு எறங்குமா? பன்னெண்டு மணிக்கு பரோட்டாக் கடையில கெடக்கவன் எல்லாம் இந்தச் சாமி வகையறாதான்.”

அம்மாமார் எல்லாரும் ஒரே நேரத்தில் தத்தம் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் வந்த சிரிப்பு அலை அலையாக வரவில்லை, ஒரே போடாக விழுந்தது.

நடுநடுவே அன்பளிப்பு. யாராவது நோட்டை நீட்டுவார்கள், பெயரைச் சொல்லிப் பாட்டுக்குள் வைத்து ஒரு கிண்டல் செய்வார்கள். ஐம்பதுக்கு ஐம்பது ரூபாய் அளவு, நூறுக்குக் கொஞ்சம் கூட. அடையாறில் ‘சார் எந்த ஊரு’ என்று கேட்கிறார்களே, அதே வேலைதான், இங்கே ஜனம் காசு கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எவனோ என் பெயருக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டான்.

“மைக்செட் அண்ணாச்சி நூறு ரூவா” என்றார் புலவர்.

“பத்து மணியானா வாய மூடுத ஆம்பள இந்த ஊருலயே அவ்வ ஒருத்தருதான்” என்றார் குடம் அடிப்பவர்.

“ஆமா” என்றேன், புலவருக்கு முன்னால். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

சாமி இறங்கும்போது மணி ஒன்றரை. விடிந்து வயர் சுருட்டும்போதுதான் பார்த்தேன், இடது பக்கத்து பாக்ஸில் ஒரு ஸ்பீக்கர் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அடுத்த கொடை. நாளை டவுனுக்குப் போய் மாற்ற வேண்டும்.