308ஆம் இடத்தில் ஓர் எழுத்து: பதினொரு மாதம் ஆன கதை

அழற்சியைத் தூண்டும் புரதத்துக்கான டிஎன்எஃப் மரபணுவின் புரோமோட்டரில் (மரபணுவை இயக்கும் முன்பகுதி) மைனஸ் 308ஆம் இடத்தில், அதாவது வாசிப்பு தொடங்கும் இடத்துக்கு 308 எழுத்து முன்னால், ‘ஜி’ என்ற டிஎன்ஏ எழுத்து இருக்கிறதா, ‘ஏ’ இருக்கிறதா என்று காசநோயாளிகள் 96 பேரிடம் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் முடிப்பேன் என்று நெறியாளரிடம் சொல்லியிருந்தேன். நேற்றுதான் முடிந்தது.

நெறிமுறைக் குழு படிவத்தைத் திருப்பியது நியாயமே. தமிழ் ஒப்புதல் படிவத்தில் ‘இரத்தப் பரிசோதனை’ என்று மட்டும் இருந்தது. மரபணு ஆய்வு என்று இல்லை. ஆனால் அதை என்னிடம் சொல்ல அலுவலக எழுத்தருக்கு ஐந்து வாரம் ஆனது. போகும்போதெல்லாம் “ஃபைல் மேலே போயிருக்கிறது” என்றார். அது அவர் மேசையிலேயே கிடந்தது. மனு கொடுக்கும் அன்றே வரவு எண் வாங்கிவிடுங்கள்.

அடுத்து, குழாய். இரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ மருந்து போட்ட ஊதா மூடி குழாய் வேண்டும் என்று வார்டில் வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. முதல் 22 பேரின் இரத்தம் பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் வந்து சேர்ந்தது. ஹெப்பாரினும் உறையாமல் காக்கும், ஆனால் டிஎன்ஏ துண்டைப் பல்கிப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். இளைத்துப்போன ஒரு அம்மா, “இன்னொரு தடவையா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். அது இன்னும் உறுத்துகிறது.

டிஎன்ஏ பிரித்தது, பிசிஆர் எல்லாம் தடையின்றி நடந்தன. 107 கார இணை (டிஎன்ஏ எழுத்து ஜோடி) நீளத் துண்டு கிடைத்தது. ‘ஜி’ இருந்தால் என்கோ-1 நொதி அதை 87, 20 என்று வெட்டும். ‘ஏ’ இருந்தால் வெட்டாது.

துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் 48 பேருக்கு 107, 87 இரண்டு கோடுகளும் தெரிந்தன. அத்தனை பேரும் ‘ஜிஏ’, அதாவது மரபணுவின் ஒரு பிரதியில் ‘ஜி’, மற்றதில் ‘ஏ’! 1994இல் காம்பியாவில், இரண்டு பிரதியிலும் ‘ஏ’ உள்ள குழந்தைகளுக்கு மூளை மலேரியாவால் மரணமோ கடும் நரம்புப் பாதிப்போ நேரும் அபாயம் ஏழு மடங்கு என்று கண்டார்கள். அதே எழுத்து என் நோயாளிகளிடமும் பேசுகிறது என்று பூரித்து, வரைபடம்கூட வரைந்துவிட்டேன்.

ஒரு மக்கள்தொகையில் ‘ஜிஜி’, ‘ஜிஏ’, ‘ஏஏ’ எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஹார்டி–வைன்பெர்க் கணக்குப் போட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 48 பேர் ‘ஜிஏ’ என்றால் ஏறக்குறைய ஆறு பேர் ‘ஏஏ’ இருக்க வேண்டும். ஒருவரும் இல்லை. நொதி அரைகுறையாக வெட்டியிருக்கிறது. வெட்டுப்படாத ‘ஜி’ துண்டுதான் ‘ஏ’ போல நின்றிருக்கிறது. விடுமுறையில் மின்சாரம் போய், நொதி இருந்த ஃப்ரீசர் உருகியிருந்ததாம். பதிவேட்டில் யாரும் எழுதவில்லை. நான்கு மாத உழைப்பு போனது.

புது நொதி வாங்கினேன். 37 டிகிரியில் இரவு முழுதும் வைத்தேன். டிஎன்ஏ எழுத்துகளை வரிசைப்படுத்திப் படித்து ‘ஜிஜி’ என்று உறுதிசெய்த மாதிரி ஒன்றை ஒவ்வொரு ஜெல்லிலும் ஓட்டினேன். அதில் 107 தெரிந்தால் அந்த ஜெல்லைத் தூக்கிப் போடுங்கள். ஜெல் செய்யும் அகரோஸ் 3 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் இருபது இணை வித்தியாசம் பிரியாது. 48 என்ற ‘ஜிஏ’ எண்ணிக்கை ஒற்றை இலக்கமாகச் சுருங்கியது.

இன்னொன்று: ‘ஏ’ மட்டுமே அழற்சியைக் கூட்டுகிறது என்று எழுதிவிடாதீர்கள். இந்த மரபணு 6ஆம் குரோமோசோமில் நோய் எதிர்ப்புக்கான எச்எல்ஏ மரபணுக்களுக்கு நடுவே இருக்கிறது. ‘ஏ’ பெரும்பாலும் அண்டை மரபணு வடிவங்களோடு சேர்ந்தே பரம்பரையாக வருகிறது. தேர்வாளர் முதலில் இதைத்தான் கேட்டார். பதில் கையில் இருந்தது.