எங்கள் வீட்டு இரண்டு குழிகள்

அத்தை மாலை நான்கு மணிக்குமேல் தண்ணீர் குடிக்க மாட்டார். திருமங்கலத்துக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் நடுவிலுள்ள இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அதை ஏதோ விரதம் என்றே நினைத்தேன். ஒரே மாதத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன். குடித்தால் இரவில் எழ வேண்டும், எழுந்தால் வேலிக்கருவைக்குள் போக வேண்டும். விடியுமுன் கண்மாய்க்கரையில் ஒதுங்கும் பெண்கள், தார்ச்சாலையில் வண்டி வெளிச்சம் தெரிந்தால் சட்டென்று எழுந்து நிற்பார்கள். வண்டி போனபின் மறுபடி உட்காருவார்கள். பகல் முழுக்கப் பருத்திக்காட்டு வெயிலில் நிற்கிற உடம்பு, தண்ணீரும் இல்லாமல் என்ன செய்யும்? நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்காத பெண் எங்கள் தெருவில் கிடையாது.

2017இல் மகள் வயதுக்கு வந்தாள். மாதவிலக்கு நாட்களில் துணி மாற்ற மறைவில்லாமல் பள்ளிக்கே போகாமல் இருந்தாள். வீட்டில் கழிப்பறை கட்டுவதை இனித் தள்ளிப்போட முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தூய்மை பாரத இயக்கத்தில் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. மத்திய அரசின் பங்கு 7,200, மாநில அரசின் பங்கு 4,800. நாங்கள் நிலமில்லாத கூலிக் குடும்பம் என்பதால் தகுதி இருந்தது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கொடுத்தேன். காலி இடத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், கட்டி முடித்தபின் வாசலில் நிற்கவைத்து இன்னொரு படம். பணம் அதற்குப் பிறகுதான். அதனால் மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் வேலையைத் தொடங்கினேன். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் என் பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காக ஐந்து மாதம் அலைந்தேன், ஐந்து மாதமும் கடனுக்கு வட்டி கட்டினேன். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய போராட்டம் குழிக்குத்தான். இரண்டு சின்னக் குழிகள் வேண்டும் என்றேன்; ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டால், மூடிவைத்த குழியில் இருப்பது மண்ணாகிவிடும். கொத்தனார் வயதில் பெரியவர், நல்ல வேலைக்காரர். "இரண்டு சின்னக் குழியெல்லாம் நிற்காது தாயி. பத்தடி ஆழத்துக்கு ஒரே குழியாகத் தோண்டி உறை இறக்கிவிடுகிறேன், இருபது வருடத்துக்குக் கவலையில்லை" என்றார். எனக்கு அதில்தான் கவலை. ஆழக்குழி நிறைந்தால் யாராவது அதற்குள் இறங்க வேண்டும். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளவைப்பதைத் தடுக்க 2013இல் சட்டமே வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் நச்சுவாயுவில் சிக்கி மனிதர்கள் சாகிறார்கள். என் மகளின் மானம் காக்க இன்னொருத்தியின் மகன் குழிக்குள் இறங்குவதா? முடியாது என்றேன்.

கொத்தனாருக்காகவே ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வரைபடம் வாங்கி வந்தேன். மூன்றடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம், ஏறத்தாழ அதே ஆழம், சுவரில் துளைகள். அடியில் சிமெண்ட் பூசக் கூடாது, நீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். இரண்டு குழிகளுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. கழிப்பறைக் கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் எல்லாம் மற்றக் குழிக்குப் போகும். வாயுவை மண்ணே உறிஞ்சிக்கொள்வதால் புகைபோக்கிக் குழாயும் தேவையில்லை. எங்கள் ஊர் கரிசல் மண், தண்ணீரை எளிதில் வாங்காது. அதனால் குழியைச் சுற்றி ஓரடி கனத்துக்கு ஆற்றுமணல் கொட்டச் சொன்னார்கள். மணலுக்கே தனிச் செலவு. எல்லாம் சேர்ந்து பத்தொன்பதாயிரம் ஆயிற்று.

கோப்பை வாங்கும்போதும் கவனமாக இருந்தேன். சரிவு அதிகமுள்ள கிராமத்துக் கோப்பைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். தெருக்குழாயிலிருந்து குடம் சுமப்பவர்கள் பெண்கள்தானே. வாளி வாளியாகக் கொட்ட வேண்டிய கழிப்பறையைக் கட்டினால் அந்தச் சுமையும் எங்கள் இடுப்பில்தான் ஏறும்.

2018 தைப்பொங்கலுக்குள் முடிந்தது. அன்று இரவு சாப்பிட்டபின் அத்தை ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கட்டியதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு வந்துகொண்டேதான் இருந்தது. கைக்குழந்தையின் மலம் கெடுதலில்லை என்று நம்பி, தங்கச்சி மகனுடையதை வாசல் ஓரத்திலேயே போட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர்களுடையதைப் போலவே அதிலும் நோய்க்கிருமி உண்டு என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொன்ன பிறகுதான் அதையும் அள்ளிக் கழிப்பறையில் போட ஆரம்பித்தோம். வாசலில் சோப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். இருட்டு என்று பயந்த சின்னவனுக்காகச் சுவரில் இரண்டு செங்கல்லை எடுத்து வெளிச்சம் வரச் செய்தோம். வயிற்றுப்போக்கு குறைந்தது அதற்குப் பிறகுதான். மகள் பத்தாம் வகுப்பில் ஒரு மாதமும் அந்த நாட்களுக்காக விடுப்பு எடுக்கவில்லை.

ஐந்து பேர் புழங்கிய முதல் குழி மூன்று ஆண்டுகளில் நிறைந்தது. 2021இல் செங்கல்லை மாற்றி வைத்து இரண்டாவதைத் திறந்துவிட்டேன், அரைமணி நேர வேலை. மூடிய குழியை இரண்டு ஆண்டுகள் தொடவில்லை. 2023 வைகாசியில் மூடியைத் தூக்கியபோது தெருப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். நாற்றம் வரவில்லை. உள்ளே உலர்ந்த கறுப்பு மண்தான் இருந்தது. கொத்தனாரையும் வரச்சொல்லியிருந்தேன். மண்வெட்டியால் இரண்டு தட்டு அள்ளி முருங்கை அடியில் போட்டுவிட்டு, "அந்த வரைபடம் இன்னும் இருக்கிறதா தாயி?" என்று கேட்டார். மேலத்தெருவில் அவருக்கு ஒரு வேலை வந்திருந்தது. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.