நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில்: வேலை பற்றிப் பேசி முடிப்பது

தட்டு மாற்றிய மறுவாரமே அந்தக் கலக்கம் தொடங்கிவிடும். "வேலையா? அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று மாப்பிள்ளை வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தூக்கத்தைக் கெடுப்பது இந்த ரெண்டுங்கெட்டான் பதில்தான். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்குள் இதை உடைத்துப் பேசிவிட வேண்டும், அதுவும் மாப்பிள்ளையிடமே நேரில். பெரியவர்கள் வழியாகப் போனால் "பொண்ணு இப்பவே கண்டிஷன் போடுதாம்" என்று உருமாறித் திரும்பி வரும்.

"வேலைக்குப் போகலாமா?" என்று கேட்காதீர்கள். அது அனுமதி கேட்பது. "போயேன்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஒரு நாளை விரித்து வைத்துக் கேளுங்கள். காலை 7 மணிக்கு கேப் வந்து நின்றால் அடுப்படி யார் பொறுப்பு? நைட் ஷிஃப்ட் விழுந்தால் உங்கள் அம்மாவிடம் யார் சொல்வது? என் அப்பாவுக்கு மாதாமாதம் நான் அனுப்பும் பணம் தொடருமா? மூன்றாவது கேள்வியில்தான் பலருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைத் தள்ளிப்போட்டால் முதல் சம்பளத் தேதியன்றே சண்டையாக வெடிக்கும்.

ஊர் மாற வேண்டியிருந்தாலும் ராஜினாமா கடைசி வழிதான். முதலில் டிரான்ஸ்ஃபர் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து வேலை. சம்மதத்தை மெயிலில் வாங்குங்கள். மேனேஜர் மாறினால் வாய்வார்த்தையும் போய்விடும். விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் முகூர்த்தத் தேதியிலிருந்து நோட்டீஸ் நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். 90 நாள் நோட்டீஸில் கல்யாண லீவு எடுத்தால் அத்தனை நாளும் கடைசித் தேதியைத் தள்ளிவைக்கும் நிறுவனங்கள் உண்டு. 5 வருட சர்வீஸ் முடியச் சில மாதங்களே இருந்தால் பொறுத்திருங்கள், கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை அதில்தான் இருக்கிறது.

பிஎஃப் பணத்தை நகைக்காக எடுத்துவிடாதீர்கள். அடுத்த வேலையில் அதே யுஏஎன் எண்ணுக்கு (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) மாற்றினால் பென்ஷனுக்கான 10 வருடக் கணக்கு அறுபடாது.

புது வேலையில் சேர்ந்தால் பேறுகால விடுப்பு போய்விடுமோ என்ற பயமும் வரும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அங்கே 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு சட்டப்படி உண்டு.

இனிஷியலை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாற்றுவதானால் ஆதார், பான், பிஎஃப் மூன்றிலும் எழுத்துப் பிசகாமல் மாற்றுங்கள். ஆதாரில் கணவர் பெயரும் பிஎஃபில் அப்பா பெயருமாக நின்றால் கிளெய்ம் திரும்பி வரும்.