கீழே இறங்க முடியாத மரம்

நேற்று ராத்திரி 'பிளாக் வாட்டர்' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன், இந்தத் தடவையும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் மீதியைப் பார்க்க முடிந்தது. 2007-ல் வந்த ஆஸ்திரேலியப் படம். டேவிட் நெர்லிச், ஆண்ட்ரூ டிராக்கி என்று இரண்டு பேர் சேர்ந்து எடுத்தது.

கதை ரொம்பச் சின்னது. ஒரு ஜோடியும் அந்தப் பெண்ணின் தங்கையும் வழிகாட்டி ஒருவரோடு அலையாத்திக் காட்டுக்குள் மீன்பிடிக்கப் போகிறார்கள். முதலை படகைக் கவிழ்க்கிறது, வழிகாட்டி செத்துப்போகிறார், மற்ற மூவரும் மரத்தில் ஏறிக்கொள்கிறார்கள். பயமே அதற்கு அப்புறம்தான். கவிழ்ந்த படகு கண்ணுக்கு எதிரே, கொஞ்ச தூரத்தில் மிதக்கிறது. அதை நிமிர்த்த யாராவது இறங்கியாக வேண்டும். தண்ணீரோ ஒரே கலங்கல். கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்க, நாமும் பார்க்கிறோம், ஒன்றும் அசையவில்லை, அப்படியென்றால் முதலை போய்விட்டதா, அங்கேயே கிடக்கிறதா? உவர்நீர் முதலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க முடியும் என்பது தெரிந்தால் அந்த வெறும் தண்ணீரைப் பார்க்கவே முடியாது. முதலை தலைதூக்கும்போதும் தண்ணீர் தெறிப்பதில்லை. நிஜ முதலைகளைப் படம்பிடித்து நடிகர்களின் காட்சிகளோடு இணைத்திருக்கிறார்கள், அதனால்தான் அந்தச் சாவகாசம்.

இதற்கு அடிப்படையான நிஜச் சம்பவம் 2003 டிசம்பரில் வட ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரத்துப் பக்கம் ஃபின்னிஸ் ஆற்றில் நடந்தது. குவாட் பைக் எனும் நான்கு சக்கர பைக் ஓட்டிவிட்டுச் சேறு கழுவ இறங்கிய மூன்று இளைஞர்களில் ஒருவரை முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மற்ற இருவரும் ராத்திரி முழுக்க மரத்திலேயே இருந்தார்கள், மறுநாள்தான் மீட்டார்கள்.

2019-ல் வந்த 'கிரால்' படமும் எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் பாதி மட்டும். ஃப்ளோரிடாவில் புயல், வீட்டுக்கு அடியில் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய இடுக்கு, அதில் அப்பாவும் மகளும் முதலை இனத்து அலிகேட்டர்களும், ஏறிக்கொண்டே வரும் தண்ணீர். அருமையான அமைப்பு. ஆனால் கடி வாங்கிய கையோடு மகள் நீந்த ஆரம்பித்ததும் என் பயம் போய்விட்டது. அலிகேட்டர்கள் ஏதோ பழிவாங்க வந்ததுபோல விடாமல் துரத்துவதும் ஒட்டவில்லை.

'பிளாக் வாட்டர்' முதலைக்கு யார்மேலும் கோபம் கிடையாது. அது அதன் இடம், அவ்வளவுதான். தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, 1971-ல் டார்வின் இருக்கிற நார்தர்ன் டெரிட்டரி மாநிலப் பகுதியில் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சில ஆயிரம் முதலைகள்தான் மிஞ்சியிருந்தன, இன்று ஒரு லட்சம் என்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்த முதலையை வில்லன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பயம் மட்டும் துளிகூடக் குறையவில்லை.

பார்க்கப்போகிறவர்கள் ராத்திரிக் காட்சியை ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். திரையில் ஏறக்குறைய இருட்டுதான். மரத்துக்குக் கீழே எங்கேயோ, அது எதையோ மெல்லுகிற சத்தம்.