ஆள் போன புஞ்சையில் முதலில் முளைப்பது எது?

"ஊரில் ஆளே இல்லை, விட்டுவிட்டால் நிலம் தானாகக் காடாகிவிடும்" என்று நம்புகிறவர்கள் ஒருமுறை ராமநாதபுரம் மாவட்டத்தின் முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வழியாகப் பேருந்தில் போய் வரலாம். சன்னலுக்கு வெளியே பச்சைக்குக் குறைவில்லை. ஆனால் மைல் கணக்கில் ஒரே மரம்தான்: சீமைக்கருவேலம்.

அரசுக் கணக்கில் ஒரு வருடம் விதைக்காத நிலம் நடப்புத் தரிசு. ஐந்து வருடம் வரை இதர தரிசு. மண்ணின் கணக்கு வேறு. முதல் மழைக்குக் கோரை, துத்தி, நெருஞ்சி, கொளுஞ்சி வரும். அடுத்து ஆவாரையும் எருக்கும். அதன்பின் இலந்தை, சங்கஞ்செடி, உடை என்று முள் கூட்டம். ஆடு வாய் வைக்க முடியாத அந்தப் புதருக்குள், பறவை எச்சத்தில் விழுந்த வேப்பங்கொட்டை முளைத்துத் தலைதூக்கும். வறண்ட சீமையில் காடு திரும்பும் பழைய வழி இதுதான்.

இந்த வரிசையைக் குலைப்பது மேய்ச்சல். சீமைக்கருவேல நெற்று இனிப்பு; ஆடும் மாடும் விரும்பித் தின்னும். இலையை மட்டும் தொடாது. விதையின் கெட்டி ஓடு குடலில் இளகி, சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து நன்றாக முளைக்கிறது. கூட முளைத்த வேம்பையும் இலந்தையையும் அதே ஆடு கடித்துவிடும். கோடையில் நெற்று உதிரும் நேரத்தில்தான், உரத்துக்காக மந்தையை நிலத்தில் அடைத்துக் கிடையும் போடுகிறோம். உழவு நடக்கும்வரை இது கெடுதலில்லை, முளைத்ததைக் கலப்பை புரட்டிவிடும். உழவு நின்ற நிலத்தில் கிடை போடுவது கருவேலம் விதைப்பதற்குச் சமம்.

எடுப்பதென்றால் செடியின் வயதுதான் முக்கியம். அந்த வருடம் முளைத்ததைக் கார்த்திகை, மார்கழி ஈரத்தில் கையாலேயே பிடுங்கலாம். பங்குனிவரை விட்டால் ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். இழுத்தால் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் முறியும், முறிந்த இடத்தில் மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று வருடச் செடிக்குக் கடப்பாரை வேண்டும். சுற்றி ஓர் அடி ஆழம் தோண்டி, தடித்த கழுத்துக்குக் கீழே வேரை வெட்ட வேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் அந்தக் கழுத்தில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே மண்ணில் தங்கிய வேர் பெரும்பாலும் எழாது. பெரிய மரத்துக்கு ஜேசிபி. காய்ந்த கரிசலில் தள்ளினால் தரைமட்டத்தில் ஒடிந்து தூர் உள்ளேயே நின்றுவிடும். சேறாக இருந்தால் வண்டி புதையும். ஈரம் அடங்கிய தை மாதம் தோது. தள்ளச் சொல்லாதீர்கள், பக்கெட்டால் தூரோடு தோண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது மாவட்டம் மாவட்டமாக வேலை நடந்தது. தூரை விட்டு மேலே வெட்டிய இடமெல்லாம் திரும்பவும் கருவேலம்தான்.

கரிமூட்டக்காரருக்கு வெட்டுக்கு விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலைந்து டன் விறகு எரிந்தால் ஒரு டன் கரி கிடைக்கும். அவருக்கு அடுத்த வெட்டும் வேண்டும். ஆகவே கணுக்கால் உயரத்தில் வெட்டி, தூரை விட்டுவிடுவார். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளைத்து வரும். வெளியூரில் இருப்பவருக்கு அந்த நிலத்தில் வரும் காசு இது ஒன்றுதான் என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. நிலம் சுத்தமாக வேண்டுமென்றால், "தூரோடு எடுத்துத் தர வேண்டும்" என்று முதலிலேயே பேசி, தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சீமைக்கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. இது அவரை இனம். தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். எடுத்த இடத்தில் முதல் வெள்ளாமை நன்றாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எடுத்தபின் வெறுமனே விட்டால் செலவெல்லாம் வீண். மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடிருக்கும். கிளறிய மண் அதற்குத் தோதான நாற்றங்கால். ஆடு தின்னாத ஆவாரையும் கொளுஞ்சியும் விதைத்துத் தரையை மூடுங்கள். வரப்பில் ஆவணி, புரட்டாசியில் பத்தடிக்கு ஒரு பனங்கொட்டை. இருக்கிற வேம்பு, உடை எதையும் வெட்ட வேண்டாம். கருவேலக் கன்றுக்கு வெயில் வேண்டும், அடர்ந்த நிழலில் தேறாது. அந்த மரங்களில் வந்து உட்காரும் பறவைகள் மற்ற விதைகளைக் கொண்டுவரும். குறைந்தது மூன்று மழைக்காலம் கன்று பிடுங்க ஆள் வேண்டும். ஆள் போன ஊரில் தடுமாறுவது இங்கேதான்.

தனி ஒருவர் இரண்டு ஏக்கரைச் சுத்தம் செய்வதில் பலன் குறைவு. பக்கத்துப் புதரில் ஒண்டும் காட்டுப்பன்றி கடலையைக் கிளறும், மயில் விதைப்பைப் பொறுக்கும். மிச்சமிருக்கும் சம்சாரியும் நிலத்தைத் தரிசு போடுவார். அருகருகே நிலம் உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து தொகுப்பாக எடுப்பது நல்லது. முதலில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தொடங்குங்கள்; நெற்று தண்ணீரில் மிதந்து வரும், மேட்டில் ஒரு மரம் நின்றாலும் கீழ்ப்புஞ்சைக்கெல்லாம் விதை இறங்கும்.