கம்பெனி அட்டர்னி யாருக்கு அட்டர்னி?

அமெரிக்காவுல எச்1பி வேலை விசாவுல இருக்குற நம்மாளுங்ககிட்ட க்ரீன் கார்டு (அங்கயே நிரந்தரமா தங்கற அனுமதி) பேச்சை எடுத்தா பாதிப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான், "எங்க கம்பெனி அட்டர்னி பாத்துக்கறாருங்க". அந்த வக்கீல் பாத்துக்கறாரு, நல்லாவே பாத்துக்கறாரு. ஆனா யாருக்காகப் பாத்துக்கறாருன்னு கேட்டா நிறைய பேர் யோசிக்க ஆரம்பிச்சிடறாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப அக்கறை உண்டு, பத்து வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டிருக்கற குடும்பங்கள் நம்ம பக்கம் அவ்ளோ இருக்கு.

பெர்ம் (அந்த வேலைக்கு அமெரிக்காவுல ஆள் கிடைக்கலன்னு தொழிலாளர் துறைகிட்ட வாங்கற சான்று), ஐ-140 (அதுக்கப்புறம் உங்களுக்காகப் போடற க்ரீன் கார்டு மனு) இந்த ரெண்டுலயும் மனு போடுறது கம்பெனி, நீங்க இல்ல. அதனால அப்ரூவல் நோட்டீஸ், ஆர்எஃப்இ (இன்னும் ஆதாரம் வேணும்னு கேக்கற கடிதம்) எல்லாம் கம்பெனிக்கும் அவங்க அட்டர்னிக்கும்தான் போகும், சில இடத்துல ஐ-140 காப்பி கூட கையில தர மாட்டாங்க. பெர்முக்கான அட்டர்னி ஃபீஸ், விளம்பரச் செலவு எதையும் உங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு 2007-லயே ரூல் வந்தாச்சு. அதே ரூல்ல இன்னொண்ணும் இருக்கு, உங்களுக்குன்னு தனியா ஒரு லாயர் வச்சுக்கிட்டு அவருக்கு நீங்களே காசு குடுக்கலாம், அது தப்பே இல்ல. இது பலருக்குத் தெரியாது.

லாயர்னா ஃபார்ம் ஃபில் பண்றவர்னு நினைக்கறவங்க நிறைய. ஃபார்மை நாமளே கூட ஃபில் பண்ணிடலாம். எது எங்க போய் இடிக்கும்னு முன்கூட்டியே பாக்கறதுதான் அவங்க வேலை. உதாரணத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். ஓஎம்ஆர்ல வேலை பாத்த பழைய கம்பெனி எச்ஆர் சேர்ந்த தேதி, விட்ட தேதி, டெசிக்னேஷன் மட்டும் போட்டு ஒரு லெட்டர் குடுப்பாங்க, ஆனா என்ன வேலை செஞ்சீங்க, எந்த டெக்னாலஜின்னு இல்லாம அது பத்தாது, அப்போ கூட வேலை பாத்த மேனேஜர்கிட்டயோ சீனியர்கிட்டயோ எப்படி எழுதி வாங்கணும்னு சொல்லித் தருவாங்க. இப்போ இருக்குற கம்பெனியிலேயே கத்துக்கிட்ட அனுபவத்தைப் பொதுவா கணக்குல எடுக்க மாட்டாங்க, அதனால பழைய லெட்டர் தான் உசுரு. அதே மாதிரி மூணு வருஷ பி.எஸ்சி மட்டும் படிச்சவங்களுக்கு ஈபி-2-ல (மேல்படிப்பு கேக்கற வேலைக்கான க்ரீன் கார்டு பிரிவு) சிக்கல் வரும், நாலு வருஷ பி.இ.-க்கு அந்தப் பிரச்சினை இல்ல, இதை பெர்ம் போடறதுக்கு முன்னாடியே பாக்கணும், ஐ-140 ஸ்டேஜ்ல பாத்தா லேட்.

அப்புறம் நம்ம பேரு. இனிஷியல் வச்சு வாழ்ந்த ஆளுங்க நாம, பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா விசாவுல நம்ம பேர் சர்நேம் இடத்துக்குப் போயிடும், முன்னாடி எஃப்என்யூ-ன்னு (முதல் பேர் தெரியலன்னு அர்த்தம்) வந்து நிக்கும். மார்க் ஷீட்ல ஒரு மாதிரி, பர்த் சர்டிஃபிகேட்ல அப்பா பேர் வேற ஸ்பெல்லிங், இல்லன்னா சர்டிஃபிகேட்ல குழந்தை பேரே எழுதாம விட்டிருப்பாங்க. இதுக்கெல்லாம் அஃபிடவிட் எப்படி, யார்கிட்ட வாங்கணும், ஊர்ல முனிசிபாலிட்டியில என்ன கேக்கணும்னு நம்மூர் கேஸ் நிறைய பாத்த லாயர் டக்குனு சொல்லிடுவார். அம்மா அப்பா உயிரோட தெம்பா இருக்கும்போதே இதைச் சரி பண்ணி வச்சுக்கோங்க, ப்ளீஸ்.

எல்லாத்தையும் விட எனக்கு மனசு பதறுறது பிள்ளைங்க விஷயத்துல. 21 வயசு தாண்டிட்டா அப்பா அம்மா கேஸ்ல இருந்து பிள்ளை வெளிய போயிடும். இப்படி வயசு தாண்டிடாம பிள்ளைங்களைக் காப்பாத்தற சிஎஸ்பிஏ சட்டத்துல ஒரு கணக்கு இருக்கு, டேட் கரண்ட் ஆகுற (அதாவது க்ரீன் கார்டு வரிசையில உங்க முறை வர்ற) அன்னைக்குப் பிள்ளையோட வயசுல இருந்து ஐ-140 பெண்டிங்ல கிடந்த நாளைக் கழிப்பாங்க, கழிச்சு வர்றது 21-க்குக் கீழ இருக்கணும், பொதுவா ஒரு வருஷத்துக்குள்ள அப்ளையும் பண்ணியாகணும். இப்போ யோசிச்சுப் பாருங்க, எல்லாரும் ப்ரீமியம் (கூடுதல் ஃபீஸ் கட்டிச் சீக்கிரம் முடிவு வாங்கறது) போட்டு ஐ-140-ஐ சீக்கிரம் அப்ரூவ் பண்ணிக்கறோம், அப்போ கழிக்கறதுக்கு நாளே இருக்காது! சில குடும்பத்துக்கு ப்ரீமியம் போடாம இருக்கறதே நல்லது. கம்பெனி அட்டர்னிக்கு உங்க பொண்ணு எத்தனாவது படிக்கறான்னு தெரியுமா? உங்க லாயர் முதல்ல அதைத்தான் கேப்பார். கணக்கும் மாறிக்கிட்டே இருக்கு, 2023 பிப்ரவரியில ஃபைலிங் டேட்டை (அப்ளை பண்ண விடற தேதி, இது முன்னாடியே வந்துடும்) வச்சுக் கணக்கு போடலாம்னாங்க, 2025 ஆகஸ்ட் 15-ல இருந்து மறுபடி ஃபைனல் ஆக்‌ஷன் டேட்டுக்கே (கார்டே குடுக்கக்கூடிய தேதி) மாத்திட்டாங்க. பழைய கணக்கை நம்பி இருந்தவங்க நிலைமைய நினைச்சுப் பாருங்க.

லே-ஆஃப் ஆனா? அதிகபட்சம் 60 நாள் டைம், ஐ-94 (எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்னு சொல்ற ரெக்கார்டு) அதுக்கு முன்னாடியே முடிஞ்சா அந்தத் தேதி வரைக்கும்தான். கம்பெனி அட்டர்னிகிட்ட போன் போட்டா பெரும்பாலும் பேச முடியாதும்பாங்க, அவங்க மேல கோவப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, அவங்க க்ளையன்ட் கம்பெனி. ஆனா அந்த நேரத்துலதான் ஒருத்தர் நிதானமா சொல்லணும்: ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டியிருந்தா கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் அது ரத்தாகாது, ப்ரையாரிட்டி டேட் (வரிசையில உங்க இடத்தைக் காட்டற தேதி) உங்களோடதான், புது கம்பெனி பெர்மை முதல்ல இருந்து போட்டாலும் பழைய டேட்டோட வரிசையில நிக்கலாம், ஆறு வருஷத்துக்கு மேல எச்1பி எக்ஸ்டென்ஷனும் அதை வச்சு வாங்கலாம். ஐ-485 (க்ரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) போட்டு 180 நாள் ஆயிருந்தா அதே மாதிரி வேலைக்கு மாறிக்கலாம். இதைக் கேட்டா அன்னைக்கு ராத்திரியாவது தூக்கம் வரும்.

ஒரு மணி நேர கன்சல்டேஷனுக்கு சில நூறு டாலர் ஆகும், நம்ம ஊர் மனசுக்கு அது பெருசாத்தான் தெரியும், ஆனா குடுக்கலாம். போறதுக்கு முன்னாடி அவர் பேரை எந்த ஸ்டேட் பார்ல (மாநில வக்கீல் அமைப்பு) லைசன்ஸ் வாங்கியிருக்காரோ அந்த வெப்சைட்ல தேடிப் பாருங்க. இமிக்ரேஷன் ஃபெடரல் சட்டம்கறதால லாயர் உங்க ஸ்டேட்லயே இருக்கணும்னு அவசியம் இல்ல, தமிழ் பேசறவர் வேணும்னாலும் தேடிக்கலாம். "கன்சல்டன்ட்", "ஏஜென்ட்"னு சொல்லிக்கிட்டு வர்றவங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்ற உரிமையே இல்ல, லாயர் இல்லன்னா அமெரிக்க அரசோட நீதித்துறை (டிஓஜே) அங்கீகாரம் குடுத்த ரெப்ரசன்டேட்டிவா இருக்கணும், தொண்டு நிறுவனங்கள்ல கம்மி ஃபீஸ்ல அப்படிப்பட்டவங்க கிடைப்பாங்க. கேரண்டின்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

போகும்போது எல்லா எச்1பி நோட்டீஸும், ஐ-94-ம், ஐ-140 காப்பியும் எடுத்துட்டுப் போங்க. கம்பெனி காப்பி தரலன்னா எஃப்ஓஐஏ-ல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) குடியேற்றத்தைப் பாக்கற யுஎஸ்சிஐஎஸ் கிட்டயே கேக்கலாம், கேட்டுப் போடறதுக்குக் காசு கிடையாது, பதில் வர நாளாகும், அதனால வேலை நல்லபடியா இருக்கும்போதே போட்டுடுங்க.