எரிவது எது, வந்தது எங்கிருந்து: இரண்டு தேர்வுகளுக்குப் படித்த அனுபவம்

இளநிலை வேதியியல் இறுதியாண்டின் வாய்மொழித் தேர்வில், மேசைமேல் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியைக் காட்டி, "இதில் எரிவது எது?" என்று தேர்வாளர் கேட்டார். "திரி, ஐயா" என்றேன். "அப்படியானால் மெழுகு எதற்கு?" என்றார். எரிதலின் வரையறையையும் சமன்பாட்டையும் பிழையின்றி எழுதத் தெரிந்திருந்த எனக்கு, அதற்கு மேல் ஒரு வரிகூடச் சொல்ல வரவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தொலைநிலைக் கல்வியில் மொழியியல் படித்தபோது, வரலாற்று மொழியியல் தாளில், ஐரோப்பாவில் பரவி வாழும் ரோமா மக்களின் மொழியான ரோமானியின் தோற்றம் பாடமாக அமைந்தது. முதல் தேர்வில் பட்ட அவமானத்தால், இம்முறை ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் "இது எப்படித் தெரியும்?" என்று எழுதிக்கொண்டு படித்தேன்.

முதலில் மெழுகுவர்த்தி. எரிவது மெழுகின் ஆவி. சுடரின் வெப்பத்தில் உருகிய மெழுகு திரியின் நுண்ணிய இழைகள் வழியே மேலேறி, ஆவியாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சுடரை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகை, குளிர்ந்து நுண்துளிகளான மெழுகுதான். திரியைத் தொடாமல் அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், தீ புகை வழியே இறங்கித் திரியைப் பற்றும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்காக நிகழ்த்திய உரைகளில் மைக்கேல் ஃபாரடே, சுடரின் நடுவிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயால் இந்த ஆவியை வெளியே கொணர்ந்து, குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டினார். சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு கரண்டியைப் பிடித்தால் கரி படியும். அடியிலுள்ள நீலப் பகுதியில் பிடித்தால் அவ்வாறு படிவதில்லை. ஆகவே மஞ்சள் ஒளியைத் தருவது, சூடேறி ஒளிரும் கரித்துகள்களே. விடைத்தாளில் பலர் இதை "எரியும் வாயுவின் நிறம்" என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கின்றனர்.

"தீ ஒரு பொருளா?" என்ற கேள்வியும் அடிக்கடி வரும். சுடர் என்பது வினை நடக்கும் இடமே. அதன் நீண்ட வடிவத்துக்குக் காரணம், சூடான வாயு மேலெழுவதும் குளிர்ந்த காற்று கீழிருந்து புகுவதும் ஆகும். எடையின்மை நிலவும் விண்கலத்தில் இவ்வோட்டம் நின்றுபோவதால், சுடர் ஏறத்தாழ உருண்டையாகவும் மங்கிய நீலமாகவும் எரிகிறது என்ற ஒரே எடுத்துக்காட்டு அவ்விடைக்குப் போதும்.

ரோமானியைப் படிக்கத் தொடங்கியபோது, பழக்கத்தால் தீயைச் சுற்றிய சொற்களையே முதலில் திரட்டினேன். தீ 'யக்', கரி 'அங்கார்', புகை 'தூவ்', விறகு 'கஷ்ட்', சூரியன் 'கம்'. இவை முறையே சமஸ்கிருதத்தின் அக்னி, அங்கார, தூம, காஷ்ட, கர்ம ஆகியவற்றோடு பொருந்துகின்றன. கர்ம என்றால் இங்கே வெப்பம், வினைப்பயன் அன்று. தமிழில் படிப்போருக்கு இவ்விடத்தில் ஒரு தனி இடர் உண்டு. தூம, பூமி, கர்ம என்னும் சொற்களின் முதலெழுத்து சமஸ்கிருதத்தில் ஒலிப்புடைய மூச்சொலி (dh, bh, gh); ரோமானியில் அது ஒலிப்பற்ற மூச்சொலியாக (th, ph, kh) மாறி 'தூவ்', 'பூவ்', 'கம்' என நிற்கிறது. ரோமானி இந்தியாவில் தோன்றியது என்ற வாதமே இந்த ஒழுங்கான மாற்றத்தின்மீதுதான் நிற்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே குறிப்பேட்டில் இச்சொற்களைத் தேவநாகரியிலோ பன்னாட்டு ஒலிப்பெழுத்திலோ எழுதிப் பழகுங்கள். நான் இதை உணர்வதற்குள் இரண்டு வாரம் வீணாயிற்று.

இந்தியத் தோற்றத்தை மொழி ஒப்பீட்டால் காட்டிய தொடக்க ஆய்வுகளில் ஒன்றை, ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறிஞர் ரூடிகர் 1782இல் வெளியிட்டார். ரோமானி பேசும் ஒரு பெண்ணிடம் கேட்டறிந்த தொடர்களை அவர் இந்துஸ்தானியோடு ஒப்பிட்டார். அதற்கு அவருக்குக் கைகொடுத்தது, தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றித் திரும்பிய பெஞ்சமின் ஷுல்ட்சே எழுதிய இந்துஸ்தானி இலக்கணம். பின்னர் 1926இல் மொழியியலறிஞர் ரால்ஃப் டர்னர், ரோமானி முதலில் இந்தியாவின் நடுப்பகுதி மொழிகளோடு பழைய மாற்றங்களைப் பகிர்ந்துகொண்டு, அதன்பின் வடமேற்கில் தங்கியது என்று வாதிட்டார். மூன்று என்பது இந்தியில் 'தீன்' எனச் சுருங்கிவிட, ரோமானியில் 'த்ரின்' என்று மெய்ம்மயக்கம் (மெய்கள் அடுத்தடுத்து நிற்பது) கெடாமல் நிற்பது போன்றவை அவருடைய சான்றுகள்.

ரோமானி இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தைப் பற்றிய வினாவுக்கும் தீயே எனக்கு உதவியது. சமஸ்கிருதத்தில் அக்னி ஆண்பால். இந்தியின் 'ஆக்', ரோமானியின் 'யக்' இரண்டும் பெண்பால். அத்துடன், சமஸ்கிருதத்தில் ஆண், பெண் அல்லாத மூன்றாவதாக இருந்த பழைய அலிப்பால் மறைந்து ஆண், பெண் என்ற இரண்டே எஞ்சியதும் இரு மொழிகளுக்கும் பொது. இம்மாற்றங்கள் இந்தியாவில் நிகழ்ந்த பின்னரே பிரிவு நேர்ந்திருக்க வேண்டும் என்பதால், ரோமானி பேசுவோரின் முன்னோர் ஏறக்குறைய கி.பி. 1000ஐ ஒட்டி இந்தியாவை விட்டு நீங்கினர் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர்.

அவர்கள் சென்ற வழியை அறியக் கடன்சொற்களை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். 'பக்த்' என்னும் நற்பேறு பாரசீகம். 'பொவ்' என்னும் அடுப்பு ஆர்மீனியம். 'த்ரோம்' என்னும் சாலை கிரேக்கம். எண்களில் ஒன்று முதல் ஆறு வரையும் பத்தும் இந்தியச் சொற்களாக இருக்க, ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. கொல்லுப்பட்டறையைப் பாருங்கள்: கரியும் புகையும் இந்தியச் சொற்கள், பட்டறைக்கல்லும் குதிரை லாடமும் கிரேக்கச் சொற்கள். பதினைந்து மதிப்பெண் விடையில், பத்துச் சொற்களை மூன்று நெடுவரிசைகளில் எழுதி, கீழே ஒலிமாற்ற விதியை எழுதி, அதன்பின்னரே வரலாற்றைச் சொன்னேன். பெயர்ச்சிக் கதையை முதலில் எழுதினால் சான்றுக்கு நேரம் எஞ்சாது.

எழுதாமல் விட வேண்டியதும் ஒன்றுண்டு. தூமம், அங்காரம், அக்கினி ஆகியவை தமிழிலும் உள்ளனவே என்று மகிழ்ந்து, ஒரு பயிற்சித் தேர்வில் தமிழ்த் தொடர்பு பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அவை தமிழ் கடன் பெற்ற சொற்கள், ரோமானியிலோ பரம்பரைச் சொற்கள் என்று ஓரத்தில் குறித்து, ஆசிரியர் அந்த அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டார்.